அசனத்தன்று ஒரு கவளம்

அத்தியாயம் 11

போன வாரம் நேசமணியை அடுப்படியில், தோளில் ஒரு நாய்க்குட்டியோடு விட்டுவிட்டு வந்தோம். இந்த வாரம் போய்ப் பார்த்தால் அதே அடுப்படி, அதே தோள், அதே நாய்க்குட்டி. சேலை மட்டும் வேறு. முந்தின சேலையில் சீசர் கக்கிவிட்டது.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்கு நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். நேசமணியின் புருஷன் ஞானதுரைக்கு சங்கரன்கோவில் தாலுகா ஆபீசில் வேலை. ராஜபாளையத்தில் ஒரு சிநேகிதர் கொடுத்தார் என்று வெள்ளைக் குட்டி ஒன்றைப் பையில் போட்டுக் கொண்டுவந்தான். சீசர் என்று பேர் வைத்தான். "சிங்கம் மாதிரி வளரும் பாருங்க" என்று தெருவெல்லாம் சொல்லியும் வைத்தான்.

சிங்கம் தின்றதையெல்லாம் வெளியே தள்ளியது. குமட்டல் கிடையாது, ஓங்கரிப்பு கிடையாது. சும்மா நிற்கும்போதே உள்ளே போன சோறு வாய் வழியாகச் சரிந்து விழும். விழுந்ததை மறுபடியும் நக்கப் பார்க்கும். அவ்வளவு பசி அதற்கு.

மாட்டாஸ்பத்திரி டாக்டர் கோமதிநாயகம் குட்டியின் தொண்டையைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "வாயிலருந்து வயித்துக்குப் போற குழாய்க்கு வலு இல்லம்மா. தின்னது கீழ எறங்காம அங்கனயே தங்கிருது. கூழாக் கரைச்சு, குட்டிய மனுசன் மாதிரி நேரா நிறுத்திவச்சு ஊட்டணும். ஊட்டிட்டும் கீழ விடக் கூடாது. தானா எறங்குத வரைக்கும் தூக்கிப் பிடிச்சிட்டே இருக்கணும். வளர வளரச் சிலதுக்குச் சரியாயிரும். சிலதுக்கு ஆகாது."

யார் தூக்கிப் பிடிப்பது என்று அந்த வீட்டில் யாரும் கேட்கவில்லை. அதுதான் நேசமணி இருக்கிறாளே!

விடிந்ததும் கேழ்வரகைக் காய்ச்சி, துணியில் வடிகட்டி, கைபொறுக்கும் சூட்டில் ஆற்ற வேண்டும். குட்டியின் முன்னங்கால் இரண்டையும் தன் தோளில் போட்டுக்கொண்டு சின்னக் கரண்டியால் ஊட்ட வேண்டும். அப்புறம் அப்படியே நிற்க வேண்டும். உலை கொதித்தாலும் நிற்க வேண்டும், வாசலில் தயிர்க்காரி கூப்பிட்டாலும் நிற்க வேண்டும். இத்தனைக்கும் பிறகு பாதி நாள் அது தோளிலேயே வழிந்துவிடும். உடனே சேலையை அலசி, தரையைக் கழுவி, பினாயில் தெளித்து நிமிர்ந்தால் அடுத்த வேளைக்குக் கேழ்வரகு. ராத்திரி அது படுத்துவிடாமல் இருக்கப் பழைய முறுக்கு டின்னில் சாக்கைத் திணித்து, நடுவில் உட்கார்த்திவைப்பாள். இவள் கண்ணயரும் நேரம் பார்த்து அது சரிந்து விழுந்து முனகும்.

இதில் இன்னொன்றும் உண்டு. நேசமணியின் மாமியார் பக்கவாதத்தில் விழுந்து, படுக்கையிலேயே கிடந்து, போன லெந்து நாட்களில், ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்தில்தான், கண்ணை மூடினாள். அந்த அம்மாளுக்கும் இதே கதைதான். முதுகுக்குத் தலையணை கொடுத்து நிமிர்த்திவைத்து, கரண்டி கரண்டியாகக் கூழ் ஊட்டியது நேசமணி. தோள் வலி அப்போதே வந்ததுதான்.

'மாமியாருக்குப் பார்த்துப் பார்த்து அவள் கை சும்மா இருக்க மாட்டேங்குது' என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். சும்மா இருக்க அவளுக்குக் கொள்ளை ஆசை. சில மத்தியானம் புழுக்கத்தில் தோள் விட்டுப்போகிற மாதிரி வலிக்கும்போது, 'இது செத்துத் தொலைஞ்சா என்ன' என்றுகூட நினைத்திருக்கிறாள். அந்த நேரம் பார்த்து அது ஈர மூக்கைக் கொண்டுவந்து கழுத்தில் வைக்கும். 'ஆண்டவரே, நான் என்ன பிறவி' என்று தன்னையே திட்டிக்கொள்வாள்.

ஞானதுரைக்கோ வெட்கம். "எங்க துரை ஒம்ம சிங்கம்?" என்று ஆபீசில் கேட்கிறார்களாம். சிவகிரிக்கு கேம்ப் கிளம்பும்போது வாசல்படியில் நின்று சொன்னான்: "அசனத்துக்கு மறுநாள் வருவேன். நான் வரும்போது இது இங்கன இருக்கக் கூடாது. டாக்டர்ட்ட ஒரு ஊசிதான், வலிக்காது."

"அதுக்குள்ள தின்னது வயித்துல தங்கிட்டுன்னா?" என்று நேசமணி கேட்டாள்.

"தங்குனா இருந்துட்டுப் போகுது. எங்க தங்கப்போகுது?"

அவ்வளவுதான் ஒப்பந்தம். அசனம் வரை கெடு. குட்டி பிழைப்பதும் போவதும் அதன் வயிற்றில் கூழ் தங்குவதைப் பொறுத்தது என்று ஆகிவிட்டது.

இன்றைக்கு அசனம்.

சேகரத்துக் கோயிலில், அதுதான் ஊர்ச் சர்ச்சில், வருஷத்துக்கு ஒரு நாள், ஆராதனை முடிந்த கையோடு பந்தல் போட்டு எல்லாரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடும் நாள். உள்ளவர் இல்லாதவர் கிடையாது, வேதக்காரர் மற்றவர் கிடையாது. தெருவோடு போகிறவரையும் கையைப் பிடித்து இழுத்து உட்கார்த்திவைத்துச் சோறு போடுவார்கள். விடியும் முன்னே ஆட்டுக்கறிக் குழம்பு கொதிக்கிற வாசம் தெருக்கோடி வரை வந்துவிட்டது.

"என்னட்டி, பச்சப்பிள்ளையப் போட்டுத் தட்டுத மாதிரி நாயப் போட்டுத் தட்டிட்டு நிக்கே?"

மேலநீலிதநல்லூரிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திறங்கிய ஞானதீபத்தின் குரல். ஞானதுரைக்கு மூத்தவள், நேசமணிக்கு நாத்தனார். வாய் கொஞ்சம் நீளம், மனசு கெட்டதில்லை.

"மெதுவாப் பேசுங்க மைனி. இப்பத்தான் குடுத்திருக்கேன். நேத்துக் காலையிலருந்து ஒரு பொட்டு வெளிய வரல."

"நெசமாவா?" ஞானதீபம் பையைக் கீழே வைத்துவிட்டுக் கிட்டே வந்து குட்டியின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். வயிறு உருண்டையாக இருந்தது. "அப்ப என் தம்பி தோத்தான்னு சொல்லு."

"இன்னைக்கு ஒரு நாள் தாண்டணும் மைனி." நேசமணி குட்டியின் முதுகைத் தடவிக்கொடுத்தாள். இந்த வீட்டில் தன் பக்கம் ஒரு காரியம் ஜெயித்து எத்தனை நாளாயிற்று என்று அவளுக்கே தெரியவில்லை.

இன்றைக்கு இன்னொரு சந்தோஷமும் அவளுக்கு இருந்தது. மாமியார் படுக்கையில் விழுந்தபோது கோயில் பாடகர் குழுவிலிருந்து நின்றவள், இன்றைக்கு மறுபடியும் பாடப்போகிறாள். அதுவும் இந்தக் குட்டியால் வந்ததுதான். தூக்கிப் பிடித்துக்கொண்டு சும்மா எவ்வளவு நேரம் நிற்பது? ஒரு நீளக் கீர்த்தனையைச் சரணம் விடாமல் இரண்டு தரம் பாடினால் கூழ் இறங்கும் நேரம் சரியாக இருந்தது. பாடிப் பாடி அடைத்திருந்த தொண்டை திறந்துகொண்டது. ஒரு நாள் தெருவில் போன கோயில் உபதேசியார் ஞானஒளிவு ஜன்னலருகே நின்று கேட்டுவிட்டு, "இந்தத் தொண்டைய அடுப்படிக்குள்ள வச்சு என்னம்மா செய்யப்போற? அசனத்துக்கு வந்து பாடு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நேசமணி குட்டியை முறுக்கு டின்னுக்குள் நிமிர்த்தி உட்கார்த்தினாள். தலைவாரிப் பூ வைத்துக்கொண்டாள்.

"மைனி, நான் பாட்டு முடிஞ்ச ஒடனே ஓடிவந்திருவேன். அது வரைக்கும் இவனுக்கு யாரும் ஒண்ணும் குடுக்கக் கூடாது. பச்சத்தண்ணிகூட. நான் வந்துதான் குடுக்கணும்."

"எனக்குத் தெரியாதாக்கும்? நான் பாத்துக்கிடுதேன். நீ போயிப் பாடு."

இதை மாமனாரிடமும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மாமனார் பவுல்பாண்டியனிடம் குட்டியைப் பற்றி யாரும் பேசுவது வழக்கமில்லை. ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவிக்கு நேசமணி கூழ் கிண்ணத்தை எடுத்தாலே அவர் டிரான்சிஸ்டரைத் தூக்கிக்கொண்டு தெருவுக்குப் போய்விடுவார். இலங்கை வானொலி பாட்டை எதிர்வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டுவிட்டு, கிண்ணம் கழுவிக் கவிழ்த்த பிறகுதான் உள்ளே வருவார். குட்டிக்கு ஊட்டும்போதும் அதேதான். குட்டி எப்படிச் சாப்பிடுகிறது என்று அந்த மனுஷர் ஒரு நாள்கூடக் கண்ணால் பார்த்ததில்லை.

கோயிலில் நேசமணி வெள்ளைச் சேலைக்காரிகள் வரிசையில் நின்று பாடினாள். முதல் அடியில் கொஞ்சம் நடுக்கம். இரண்டாவது அடியிலிருந்து குரல் அதன் போக்கில் போயிற்று. எத்தனையோ காலத்துக்குப் பிறகு இரண்டு கையும் வெறுங்கையாக, தோளில் எந்தப் பாரமும் இல்லாமல் நிற்பது அவளுக்கே விநோதமாக இருந்தது. சந்தோஷத்தில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துடைக்காமல் பாடினாள்.

பாட்டு முடிந்தது. சபைப் போதகர் ஐயர் அசனத்தின் மேல் ஜெபம் பண்ணினார். "ஆமென்" சொல்லிக் கண்ணைத் திறந்த நேசமணி எதிரே பெண்கள் பக்கத்தில் பார்த்தால், ஞானதீபம் உட்கார்ந்து பக்கத்துப் பெண்ணின் சேலை முந்தானையைத் தடவிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

'மைனி இங்கன இருக்காங்கன்னா வீட்டுல யாரு?'

கிட்டே போய்க் கேட்டாள். "அப்பா வந்துட்டாருட்டி" என்றாள் ஞானதீபம். "மொதப் பானைச் சோறு எறங்கினதும் தூக்குச்சட்டியில வாங்கிட்டு வீட்டுக்கு வந்துட்டாரு. நான் இருக்கேன், நீ கோயிலுக்குப் போன்னாரு. ஒம் பாட்டக் கேக்கலாம்னு ஓடிவந்தேன். என்னமாப் பாடுதே!"

"தூக்குச்சட்டியா?"

அப்போதுதான் நேசமணிக்கு அந்தக் கவளம் ஞாபகம் வந்தது.

பவுல்பாண்டியன் வீட்டுக்கென்று ஒரு வழக்கம் உண்டு. அவருடைய தாத்தா தாது வருஷப் பஞ்சத்தில் கஞ்சித்தொட்டி வரிசையில் நின்று உயிர் பிழைத்தவர். அவர் போட்ட ஏற்பாடு அது. அசனத்தன்று வீட்டுத் தலைவன் தன் வாயில் சோறு வைக்கும் முன்னால், அவன் வீட்டில் மூச்சுவிடுகிற எல்லாவற்றுக்கும் தன் கையால் ஒரு கவளம் வைக்க வேண்டும். கோழி, மாடு, பூனை, எது இருந்தாலும் சரி. பட்டினி என்று ஒரு ஜீவன் அன்றைக்கு அந்த வீட்டில் இருக்கக் கூடாது. மனைவி படுக்கையில் கிடந்த காலத்தில் அவளுடைய கவளத்தை மட்டும் உருட்டி மருமகள் கையில் கொடுத்துவிட்டு வெளியே போய்விடுவார். மற்ற எல்லாவற்றுக்கும் அவர் கைதான்.

இன்றைக்கு வீட்டில் மருமகள் இல்லை.

நேசமணி செருப்பைத் தேடவில்லை. பந்தலுக்கு இலை கொண்டுவருகிறவர்களை இடித்துக்கொண்டு ஓடினாள். "ஏம்மா, சாப்பிடாமப் போறே!" என்று யாரோ கத்தினார்கள்.

வீட்டுப் பின்வாசலில் பவுல்பாண்டியன் கையில் குழம்பு ஒட்டியிருக்க நின்றுகொண்டிருந்தார். அவர் முகத்தில் சிரிப்பு. மனைவி போனதற்குப் பிறகு அவள் பார்க்கும் முதல் சிரிப்பு அது.

"ஒரு பருக்கை விடல தாயி" என்றார். "என்னா ஆசையாத் தின்னுதான்! இன்னொரு கவளமும் வச்சேன். நீ சும்மா கூழு கூழுன்னு அதப் பட்டினி போட்டிருக்கியே."

"எங்க மாமா அவன்?"

"தின்ன அசதியில இங்கனதான் படுத்..."

அவர் திரும்பிப் பார்த்தார். தொழுவத்து நிழலில் சீசர் ஒருக்களித்துக் கிடந்தது. வாயோரம் சோறு சரிந்திருந்தது. விலா எலும்புகள் உள்வாங்கி உள்வாங்கி மூச்சை இழுக்கின்றன, மூச்சு வரவில்லை. நாக்கு நிறம் மாறிக்கொண்டிருந்தது.

நேசமணி பாய்ந்து பின்னங்கால் இரண்டையும் பிடித்துத் தலைகீழாகத் தூக்கினாள். முதுகில் தட்டினாள். வாய்க்குள் விரலை விட்டு வழித்தாள். சோறும் கறித்துண்டுமாக வந்தன. மறுபடி தட்டினாள். "வா மக்கா, வந்திரு, வந்திரு" என்று வாய் அதுபாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. விரலைக் குட்டி கடித்தது. கடித்த வேகத்தில் ஒரு இருமல், அதோடு ஒரு சோற்றுக் கட்டி, அப்புறம் ஒரு மூச்சு. அந்த மூச்சுக்குள் தண்ணீர் கொதிக்கிற மாதிரி கொறகொறவென்று ஒரு சத்தம் இருந்தது.

"ஜட்காக்கார மூக்காண்டி தெருமுக்குல நிக்கான்" என்று சொல்லிவிட்டுக் கிழவர் ஓடினார். அவர் ஓடி நேசமணி பார்த்ததில்லை.

ஜட்கா தேரடி தாண்டி மாட்டாஸ்பத்திரிக்குப் போயிற்று. குட்டியைத் தோளில் நிறுத்திப் பிடித்தபடி அவள் ஒரு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். கழுவாத கையை மடியில் வைத்துக்கொண்டு அவர் மறுபக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் கோமதிநாயகம் ஆஸ்பத்திரிக்குப் பின்னாலேயே குடியிருப்பவர். பாதிச் சாப்பாட்டில் எழுந்து வந்தார். காதுக்குழாயைக் குட்டியின் விலாவில் வைத்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கேட்டார். ஒரு ஊசி போட்டார்.

"நுரையீரல்ல கொஞ்சம் எறங்கியிருக்கு. சோறா குடுத்தீங்க?"

"நான்தான் குடுத்தேன்" என்றார் பவுல்பாண்டியன்.

"சரி அண்ணாச்சி, ஆனது ஆச்சு. சாயந்திரம் வரைக்கும் இங்கனயே இருங்க. ஒரு நிமிசம்கூடக் கீழ விடக் கூடாது. உள்ள இருக்க மிச்சம் மேல வந்துச்சுன்னா மறுபடி புரையேறும். மூச்சு சீராயிட்டா தப்பிச்சுக்கிடும்." டாக்டர் கொஞ்சம் தயங்கினார். நேசமணியின் முகத்தைப் பார்த்தார். "ஏம்மா, ஒங்களையும் பாக்கப் பாவமா இருக்கு. சாரு கேம்புக்குப் போறதுக்கு முந்தின நாளே இங்க வந்து சொல்லிட்டுத்தான் போனாரு. அசனம் முடிஞ்சதும் கொண்டுவருவாங்க, முடிச்சு விட்டிருங்கன்னு. இதோட அவஸ்தையும் தீரும். நீங்க சொன்னா இப்பவே..."

முந்தின நாளே. அப்படியானால் வாசல்படியில் நின்று 'தங்குனா இருந்துட்டுப் போகுது' என்றது எதற்கு? அவள் வாயை அடைப்பதற்கு. கெடு என்று நம்பி, விடிய விடியக் கண்விழித்து, தோளைத் தேய்த்துக் கொண்டதெல்லாம் எதற்கு?

நேசமணிக்கு அழுகை வரவில்லை. குட்டியின் மூச்சு அவள் காதுக்குப் பக்கத்தில் கொறகொறத்துக்கொண்டிருந்தது.

"சரி டாக்டர்" என்றாள். "போட்டிருங்க."

"போடக் கூடாது."

பவுல்பாண்டியன் சொன்னார். சத்தமாகச் சொல்லவில்லை, ஆனால் டாக்டர் எடுத்த அடியை நிறுத்திக்கொண்டார்.

"அசனத்தன்னைக்கு என் கையால சோறு வச்ச ஜீவன். அத நானே கொண்டுவந்து சாகக் குடுக்க மாட்டேன். அது பொழைக்கணும்."

நேசமணி மெதுவாகத் திரும்பினாள். பதினாறு வருஷமாக மாமனார் முகத்துக்கு நேரே அவள் குரல் உயர்ந்ததில்லை.

"பொழைக்கணும். சரி மாமா. யாரு பிடிப்பா?"

அவர் கழுவாத கையை வேட்டியில் துடைத்தார்.

"சொல்லுங்க. சாயந்திரம் வரைக்கும் யாரு பிடிப்பா? நாளைக்கு யாரு பிடிப்பா? நாளக்கழிச்சு? அத்தைய நான் பிடிச்சேன். இவனையும் நான்தான் பிடிச்சிட்டு நிக்கேன். எல்லாருக்கும் எரக்கம் இருக்கு மாமா, இல்லன்னு சொல்லல. கவளம் உருட்டிக் குடுக்க எல்லாருக்கும் மனசு வருது. அது தொண்டையில எறங்குத வரைக்கும் பக்கத்துல நிக்கத்தான் ஒருத்தருக்கும் முடியல. அத்தைக்கு ஒரு நாளாவது ஊட்டுனீங்களா? ரேடியோவத் தூக்கிட்டுத் தெருவுக்குத்தான் போனீங்க."

டாக்டர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டார்.

"பயம் தாயி" என்றார் பவுல்பாண்டியன். "அவ வாயக் கோணிட்டு முழுங்க மாட்டாமப் பாடுபடுதத என்னால பாக்க முடியல. என் கையிலயே போயிருவாளோன்னு பயம்."

"எனக்கு மட்டும் பயம் இல்லன்னு ஒங்களுக்கு யாரு சொன்னா?"

நேசமணி சொல்லிவிட்டுத் தானே திகைத்தாள். ஆனாலும் வாபஸ் வாங்கவில்லை. மூச்சை இழுத்துக்கொண்டு, தோளில் கிடந்த குட்டியை இரண்டு கையாலும் எடுத்தாள்.

"உக்காருங்க மாமா."

அவர் வெளியே வந்து வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தார்.

"முன்னங்கால் தோள்ல. ஒரு கை பின்னால, இங்கன. தட்டாதீங்க, தடவிக் குடுங்க. சாஞ்சிரக் கூடாது. நெளியுவான், பயந்து விட்டிராதீங்க."

குட்டி புது ஆளின் தோளில் நெளிந்தது. மூச்சு ஒரு தரம் விக்கியது. பவுல்பாண்டியனின் கண் பயத்தில் விரிந்தது. அதை இறுக்காமல் அணைத்துக்கொண்டார். "நீ இங்கன இரு தாயி" என்றார், பிள்ளை மாதிரி.

"நான் காலையிலருந்து ஒண்ணும் சாப்பிடல மாமா" என்றாள் நேசமணி. "போய்ச் சாப்பிடப் போறேன்."

சொன்னபடியே போனாள். ஆஸ்பத்திரி வாசல் வரை காலைப் பின்னால் இழுக்கிற மாதிரிதான் இருந்தது. 'என்ன நெஞ்சழுத்தம் ஒனக்கு' என்று ஒரு மனம் கேட்டது. 'ஆமா, இருந்துட்டுப் போகட்டும்' என்று இன்னொரு மனம் சொன்னது. வெறுங்காலில் வெயில் சுட்டது. சுட்டாலும் நடந்தாள்.

கோயில் பந்தலில் கடைசிப் பந்தி ஓடிக்கொண்டிருந்தது. கோழிகள் எச்சில் இலைகளைக் கிண்டிக்கொண்டிருந்தன. ஞானதீபம் ஓடிவந்து, "ஏட்டி, எங்க போனீங்க எல்லாரும்? வீடு தொறந்து கெடக்கு! என்னாச்சு?" என்றாள்.

நேசமணி நடந்ததைச் சொன்னாள். ஞானதீபத்தின் கை தானாக வாய்க்குப் போயிற்று. "அடப்பாவி, நான் இருந்திருந்தா..." என்று ஆரம்பித்தவளை, "இருங்க மைனி, அப்புறம் பேசுவோம். பசிக்கி" என்று நிறுத்தி, இலையில் உட்கார்ந்தாள்.

சோறு வந்தது. குழம்பு வந்தது. ஆறிப்போய்த்தான் இருந்தது. அவள் பிசைந்து வாயில் வைத்தாள். இடது தோளில் ஒன்றும் இல்லாமல், யாருக்கும் எடுத்துவைக்காமல், உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாள். சாப்பிடச் சாப்பிடக் கண்ணிலிருந்து இலையில் சொட்டியது. அதையும் சேர்த்தே பிசைந்தாள்.

"நல்ல சாப்பாடுபோல."

நிமிர்ந்தாள். கையில் தோல்பையோடு ஞானதுரை நின்றான். நாளைக்கு வர வேண்டியவன்.

"கேம்ப் சீக்கிரம் முடிஞ்சிட்டு. அசனத்துக்கு வந்துரலாம்னு சிவகிரி பஸ்ஸப் பிடிச்சேன்" என்றான். பக்கத்தில் குனிந்து குரலைத் தாழ்த்தினான். "வீட்டுல டின்னு காலியாக் கெடக்கு. கொண்டுபோயிட்டியா? முடிஞ்சிதா?"

"ஆஸ்பத்திரியில இருக்கான். மூச்சு முட்டிக் கெடக்கான்."

"அங்கன யாரு இருக்கா?"

"ஒங்க அப்பா தூக்கி வச்சிருக்காங்க."

"யாரு, அப்பாவா?" ஞானதுரை சிரித்துவிட்டான். "சும்மா வெளையாடாத. சரி, எந்திரி. கை கழுவு. போயி டாக்டர்ட்ட சொல்லி இன்னைக்கே முடிச்சிருவோம்."

நேசமணி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். டாக்டரிடம் முந்தின நாளே சொல்லிவிட்டு வந்த மனுஷன்தானே இவன்! கேட்கலாம் என்று நாக்கு நுனி வரை வந்தது. கேட்கவில்லை. அதற்கு வேளை வரும்.

"நான் இன்னும் சாப்பிட்டு முடிக்கல" என்றாள். "நீங்க போங்க. போயி ஒங்க அப்பா தோள்லருந்து வாங்குங்க. குடுத்தாங்கன்னா ஊசியோ என்னமோ போட்டுக்கிடுங்க."

அவன் சிரிப்பு பாதியில் நின்றது. அக்காவைப் பார்த்தான். ஞானதீபம், "என்னை ஏம்லே பாக்கே? போயேன்" என்றாள்.

ஞானதுரை தோல்பையைப் பெஞ்சில் வைத்தான். மறுபடி எடுத்துக்கொண்டான். பந்தலைத் தாண்டி மாட்டாஸ்பத்திரித் தெருப் பக்கம் வேகமாக நடந்தவன், திருப்பத்தில் கொஞ்சம் மெதுவானான். அப்பாவிடம் எதிர்த்துப் பேசி அவனுக்கும் பழக்கமில்லை.

அவன் போன திசையை நேசமணி ஒரு கணம் பார்த்தாள். பிறகு சோற்று வாளியோடு வந்தவரைக் கூப்பிட்டாள்.

"அண்ணாச்சி, இங்கன இன்னும் கொஞ்சம் போடுங்க."